பூங்காவனத்தின் வாயில் இன்னொருத்தியின் குரல்

திரையில் பூங்காவனத்தின் வாய் அசைந்தது. அதிலிருந்து வந்தது வேறு எவளோ ஒருத்தியின் குரல்.

நிர்மல்தா ஏதோ வயரை மாற்றிச் செருகிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். போர்ட் பிளேரில் அந்த அரங்கத்தின் ஒலிக்கருவிகளை நம்ப முடியாது. மழைக்காலம் வந்தால் ஸ்பீக்கருக்குள் எறும்பு குடும்பம் நடத்தும். (ஊருக்கு இப்போது புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு வாயில் வரமாட்டேன் என்கிறது.)

“தாதா, ரெண்டு படம் ஒண்ணா ஓடுதா?” என்று கேட்டேன்.

நிர்மல்தா இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். “நான் தொடலை தீதி. ஃபைலே அப்படித்தான் வந்துச்சு.” அவர் திக்லிபூர் வங்காளி; தாதா என்றால் அண்ணன், தீதி என்றால் அக்கா. என்னோடு பல வருடம் வேலை பார்த்ததில் அவருக்குத் தமிழும் எனக்கு வங்காளமும் அரைகுறையாக ஒட்டிக்கொண்டன.

நாலைந்து வருடம் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரம். மாலை ஐந்து மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் எடுத்த படங்களின் விழா. வாசலில் நனைந்த குடைகள் குவிந்து கிடந்தன. ரெக்சின் நாற்காலிகளில் பூஞ்சை வாடை. நாங்கள் இருவரும் படங்களை ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திரையில் பூங்காவனம் ரப்பர் மரத்தின் பட்டையைக் கத்தியால் சீவிக்கொண்டே பேசுகிறார். வங்கி விளம்பரத்தில் வருமே, அந்த மாதிரித் தேன் தடவிய குரல் ஒன்று இந்தியில் சொல்கிறது: நான் இந்தக் காட்டின் மகள். ஆயிரம் வருடங்களாக என் மூதாதையர் இந்த மரங்களோடு பேசி வந்திருக்கிறார்கள். பின்னணியில் புல்லாங்குழல். கீழே ஆங்கில எழுத்தில், ‘நிக்கோபார் தீவின் ஒரு பழங்குடித் தாய்.’

ஆயிரம் வருடமாம். அந்த மரங்களுக்கே ஐம்பது சொச்சம் வயதுதான். அரசாங்கம் வரிசை பிடித்து நட்டு, நம்பர் போட்ட மரங்கள். பூங்காவனத்தின் அப்பா இலங்கை மலைத் தோட்டத்தில் பிறந்து, திருப்பி அனுப்பப்பட்டு, கப்பலேற்றி நிக்கோபாரின் கட்சால் தீவில் இறக்கப்பட்டவர்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்றைக்குக் கழுத்து வரை சூடாகிவிட்டது.

கையைப் பின்னால் கட்டுங்கள்

போன வாரம் இந்தத் தொடரில் நான் எழுதியதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். “அம்மா, உங்களுக்கு ரொம்பக் கோபம் வருதே, பிரஷர் பார்த்துக்குங்க” என்றார். நல்ல மனிதர். இந்த வாரத்தை அவர் படிக்காமல் இருப்பது அவர் பிரஷருக்கு நல்லது.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நிர்மல்தாவும் நானும் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறோம். லாபம் கிடையாது, பதவி கிடையாது. தீவுப் பள்ளிகளுக்குப் போய், பிள்ளைகளுக்குக் கேமராவும் ஒலிப்பதிவும் சொல்லிக் கொடுக்கிறோம். அதே பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறோம். நாங்கள் கப்பலேறிப் போன பிறகும் பிள்ளைகளுக்கு யாராவது துணை வேண்டும் அல்லவா?

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆசிரியர்கள்தான் பாடாய்ப் படுத்துவார்கள்.

ஒரு பிள்ளை கேமராவைக் கொஞ்சம் கோணலாகப் பிடித்தால் போதும், பக்கத்தில் நிற்கும் ஆசிரியரின் கை தானாக நீளும். “இப்படிப் பிடி.” அடுத்தது, “இதை எடுக்காதே, அதை எடு.” கடைசியில் படம் ஆசிரியருடையதாக இருக்கும். மரம் வளர்ப்போம், சுத்தம் காப்போம் என்று முடியும்.

அதனால் எங்கள் பயிற்சியில் முதல் பாடமே இதுதான்: பிள்ளை கையில் கருவி இருக்கும்போது ஆசிரியர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். சும்மா பேச்சுக்கு இல்லை. நிஜமாகவே, அரை நாள் முழுக்க.

லாங் ஐலண்டில் ஒரு பயிற்சி. அங்கே ஒரு கணக்கு வாத்தியார், திருநெல்வேலிக்காரர், கையைக் கட்டியபடி பதினைந்து நிமிடம் நின்றார். பிறகு, “மேடம், இதுக்குப் பேசாம என்னைய பெஞ்சு மேல ஏத்தி நிறுத்திருங்களேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த வருடம் நன்றாக வந்த படங்களில் இரண்டு அவர் பிள்ளைகள் எடுத்தவை. ஒன்று படகுத் துறையில் தூங்கும் நாய்களைப் பற்றியது.

கட்சாலில் இந்தப் பாடத்தை ஒரே நாளில் பிடித்துக்கொண்டவர் எட்வர்ட் மாஸ்டர். நிக்கோபாரி. அந்தத் தீவின் சொந்த மனிதர். அதிகம் பேசமாட்டார். பிள்ளைகள் கேட்டால் மட்டும் பதில் சொல்வார். அவருடைய வகுப்பில் இருந்தவள்தான் யோகேஸ்வரி, எங்களுக்கு யோகா. பூங்காவனத்தின் மகள். அப்போது பத்தாவது.

நூற்று எழுபத்தாறாம் நம்பர் மரம்

யோகேஸ்வரி எட்டு நிமிடப் படம் ஒன்று எடுத்தாள். அம்மா பால் வெட்டும் படம். ரப்பர் மரத்தைச் சீவிப் பால் இறக்குவதை அங்கே பால் வெட்டு என்றுதான் சொல்வார்கள்.

விடிந்தும் விடியாமலும் அம்மாவோடு தோட்டத்துக்குப் போய் எடுத்திருந்தாள். கத்தி பட்டையில் இறங்கும் ஓசை, சிரட்டையில் முதல் சொட்டு விழும் ஓசை, கொசுவை அடிக்கும் ஓசை. இசை ஒன்றும் போடவில்லை. போடலாமே என்று என் நாக்கு நுனிவரை வந்தது. கையை மட்டுமல்ல, நாக்கையும் கட்டிக்கொண்டேன்.

படத்தின் நடுவில் பூங்காவனம் வேலையை நிறுத்தாமல் பேசுவார். அந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம்.

“எங்கப்பா சிலோன்ல பொறந்தாரு. அங்க அவர இந்தியாக்காரன்னாங்க. இந்தியாவுல வந்து எறங்குனா, சிலோன்காரன்னாங்க. கப்பல்ல ஏத்தி இங்க அனுப்புனாங்க, இங்க மதராசின்னாங்க. நான் இந்தத் தீவுல பொறந்தவ. என்னையுங் கேக்குறாங்க, ஒனக்கு எந்த ஊருன்னு. நூத்தி எழுவத்தாறாம் நம்பர் மரத்துலருந்து எனக்கு வேல ஆரம்பம். அதுலருந்து அந்த ஓட வரைக்கும் என் கணக்கு. அதான் எனக்கு ஊரு. வேற என்னா சொல்லச் சொல்ற?”

கடைசிக் கேள்வி மகளைப் பார்த்து. கேமரா கொஞ்சம் ஆடும். யோகா சிரித்துவிட்டாள். அந்த ஆட்டத்தையும் அவள் வெட்டவில்லை. “அது இருக்கட்டும் மிஸ், அது அம்மா என்னைக் கேட்டது” என்றாள்.

பதினைந்து வயதில் இப்படி ஒரு பிள்ளை சொன்னால், பயிற்சி கொடுக்கிறவளுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? நான் அந்த ராத்திரி சாப்பாட்டில் ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டேன்.

புதிய குரலில் இது எதுவும் இல்லை. சிலோன் இல்லை, மதராசி இல்லை, நூற்று எழுபத்தாறாம் நம்பர் இல்லை. கேமராவின் ஆட்டத்தையும் வெட்டித் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கடற்கரையைச் சொருகியிருந்தார்கள். கட்சாலில் எடுத்த கடற்கரைகூட இல்லை அது. ஹேவ்லாக் தீவின் டூரிஸ்ட் கடற்கரை.

“ரீச் ஆகணும் மேடம்”

இதைச் செய்தது எங்கள் வேலைக்கு உதவிய ஒரு மெயின்லாண்ட் அமைப்பு. பெயர் வேண்டாம். பிள்ளைகளின் படங்களைச் சேர்த்து, மெருகேற்றி, நாடெங்கும் காட்டுவதாகச் சொன்னார்கள். தீவு இண்டர்நெட்டில் படம் ஏற்றி முடிப்பதற்குள் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு அனுப்பினோம். எங்களிடம் இருந்த நகலை உப்புக்காற்று தின்றுவிட்டது. அது வேறு கதை.

விழாவுக்காக அவர்களுடைய திட்ட அதிகாரி ஒருவர் வந்திருந்தார். சென்னையில் பிறந்தவர், டில்லியில் வேலை. அவருக்குத் தமிழ் தெரியும். என் கோபத்தில் பாதி அதனால்தான். தெரியாதவன் செய்திருந்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டிருப்பேன்.

அரங்கத்துக்கு வெளியே சமோசா தின்றுகொண்டிருந்தவரைப் பிடித்தேன். “அந்தம்மா சொன்னது எங்கே சார்?”

“மேடம், அந்தத் தமிழ் நம்ம ஆளுங்களுக்கே புரியாது. ஆடியன்ஸுக்கு ரீச் ஆகணும் இல்லையா?”

“கீழே மொழிபெயர்த்து எழுத்துப் போட்டிருக்கலாமே.”

“யார் படிப்பாங்க? அதோட சிலோன், திருப்பி அனுப்பினதுன்னு வந்தா தேவையில்லாத அரசியல். நிக்கோபார்னா ஜனங்க மனசுல ஒரு பிக்சர் இருக்கு. நாம அதுக்குள்ள நின்னு பேசணும்.”

“நீங்க கட்சாலுக்கு வந்திருக்கீங்களா?”

“அங்க போக அரசாங்க பாஸ் கிடைக்க நாளாகும்னாங்க. ஹேவ்லாக் போயிட்டு வந்தேன். பியூட்டிஃபுல்.”

இந்த மனிதரிடம் இதற்குமேல் என்ன பேசுவது? பேசினேன். பத்து நிமிடம் பேசினேன். எச்சில் தெறிக்கப் பேசினேன் என்று நிர்மல்தா பிறகு சொன்னார். படத்தை நிறுத்துங்கள், விழாவில் போடக் கூடாது, உங்கள் வலைத்தளத்திலிருந்தும் எடுங்கள் என்றேன்.

அவர் சமோசா எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். “மேடம், எடிட் பண்ண எங்களுக்கு முழு உரிமை இருக்கு. பேரண்ட் கையெழுத்துப் போட்ட கன்சென்ட் ஃபாரம் ஃபைல்ல இருக்கு. நீங்கதானே அனுப்பினீங்க?”



கப்பல் கூப்பிட்டால்

இதை எழுத வேண்டாம் என்று நான்கு நாள் தள்ளிப்போட்டேன். எழுதாவிட்டால் இந்த அத்தியாயம் பொய்யாகிவிடும்.

தீவுகளில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடுவோம். கமோர்ட்டா தீவில் இருப்பவர் போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் வரிசையில் வந்து நிற்க முடியுமா? பக்கத்து வீட்டுக்காரர் அவர் தீவுவாசி என்று காட்டும் ஐலண்டர் கார்டை வாங்கி வந்து படிவம் நிரப்பிக் கையெழுத்தும் போடுவார். பள்ளிச் சேர்க்கைக்கு மாமா போடுவார், ரேஷனுக்கு எதிர்வீட்டு அக்கா போடுவார். “சைன் கர் தோ நா”, கையெழுத்துப் போட்டுவிடேன் என்பதை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். என் எட்டாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டில் என் அப்பாவின் பெயரை எழுதியவர் பக்கத்துவீட்டுத் தெலுங்கு மாமா. அப்பா அப்போது கார் நிக்கோபார் தீவில் வேலையாக இருந்தார். யாரும் இதைத் தப்பாக நினைத்ததில்லை. உதவி என்றுதான் நினைத்தோம்.

எல்லாவற்றுக்கும் காரணம் கப்பல். அது நம் வசதிக்கு வராது. வந்தால் நிற்காது.

அன்றைக்குக் கட்சாலில் படப்பிடிப்பெல்லாம் முடிந்து, மறுநாள் வரவேண்டிய கப்பல் அன்றைக்கே வருகிறது என்று தகவல் வந்தது. கடல் மோசம், அடுத்தது எப்போதென்று தெரியாது. மூட்டை கட்டினோம். அந்த அமைப்பு கொடுத்த சம்மதப் படிவங்கள், பத்துப் பிள்ளைகளுக்குப் பத்து; ஒன்பது கையெழுத்தாகி இருந்தன. பூங்காவனத்தினுடையது மட்டும் பாக்கி. அவர் தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்தார். போய்க் கூட்டி வர முக்கால் மணி நேரம். துறையில் கப்பல் ஹாரன் அடித்துவிட்டது.

பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் ‘பூங்காவனம்’ என்று நான் எழுதினேன்.

ஆங்கிலத்தில் ஆறு பக்கப் படிவம். நான் முழுவதும் படித்திருக்கவில்லை. நான்காம் பக்கத்தில், தேவைக்கேற்ப மாற்றவும் நீக்கவும் சேர்க்கவும் என்று ஒரு வரி இருந்திருக்கிறது. ஆசிரியர்களின் கையைக் கட்டச் சொல்லிப் பாடம் எடுக்கிறவள், அந்தம்மாவின் பெயரை அந்தம்மாவைக் கேட்காமல் எழுதினேன். பேனா பிடித்தபோது ஒரு நொடிகூட எனக்கு உறுத்தவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் எரிகிறது.

ஹேடோவில் ஒரு டீக்கடை

மூன்று மணிக்குக் கட்சால் கப்பல் ஹேடோ துறைமுகத்தில் ஒட்டியது. காலையில் வந்திருக்க வேண்டியது. பூங்காவனமும் யோகாவும் எட்வர்ட் மாஸ்டரும் இறங்கி வந்தார்கள். ஒன்றரை நாள் கப்பல் படுக்கையில் குலுங்கியதில் யோகாவின் முகம் வெளிறியிருந்தது. பூங்காவனம் மட்டும் மடிப்புக் கலையாத நீலச் சேலையில் இருந்தார். இறங்குவதற்கு முன்னால் கப்பல் குளியலறையில் கட்டிக்கொண்டாராம்.

“அம்மா ரெண்டு மாசமா இந்தப் பேச்சுத்தான் மிஸ்” என்றாள் யோகா. “சின்னம்மா, மாமா எல்லாருக்கும் சொல்லிருச்சு. அம்மா பேசுறத பெரிய திரையில போடுறாங்கன்னு.”

டீக்கடையில் உட்கார வைத்துச் சொன்னேன். குரலை மாற்றிவிட்டார்கள் என்பதைச் சொன்னேன். பழங்குடித் தாய் என்று எழுதியிருப்பதைச் சொன்னேன். கையெழுத்தைச் சொல்லவில்லை. சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை.

யோகா டீ கிளாசை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். எட்வர்ட் மாஸ்டர் மெதுவாக இந்தியில், “பழங்குடி நான் இங்கேதானே இருக்கிறேன், என்னைக் கேட்டார்களா?” என்றார்.

பூங்காவனம் டீயை ஒரு மிடறு குடித்தார். பிறகு, “என் மூஞ்சி இருக்கா, அதையும் மாத்திட்டாங்களா?” என்று கேட்டார்.

“முகம் உங்களுடையதுதான்.”

“அப்பப் போடச் சொல்லுங்க டீச்சர். பாத்துக்கிர்றேன்.”

ஐந்து மணி

அரங்கம் நிறைந்திருந்தது. ஆசிரியர்கள், பிள்ளைகள், கல்வித்துறையிலிருந்து இரண்டு பேர். மழை தகரக் கூரையில் கொட்டியது. பூங்காவனம் மூன்றாவது வரிசையில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் முகம் திரையில் வந்தது. தேன் குரல் ஆரம்பித்தது. நான் காட்டின் மகள்.

ஒரு நிமிடம் பார்த்தார். எழுந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. அது கோபம்.

“சத்தத்த நிப்பாட்டுங்க.”

தோட்டத்தில் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். மைக் தேவைப்படவில்லை. நிர்மல்தா என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஒலியை அடியோடு இறக்கிவிட்டார். படம் மட்டும் ஓடியது.

பூங்காவனம் நாற்காலி வரிசையைத் தாண்டித் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். “அங்க ஓடுறது நானு. பேசுனது நானில்ல. நான் பேசுனது இது” என்று ஆரம்பித்து, அப்பா சிலோனில் பிறந்ததிலிருந்து நூற்று எழுபத்தாறாம் நம்பர் மரம் வரைக்கும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். பிறகு முழுவதையும் இந்தியில் திருப்பிச் சொன்னார். எங்கள் தீவு இந்தியில், மெயின்லாண்ட்காரர்கள் கேட்டால் சிரிக்கும் இந்தியில். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

“இந்தத் தீவுக்கு ஆதியிலருந்து ஆளுங்க இருக்காங்க. இந்த மாஸ்டர் அவங்க ஆளு. அவங்க எடத்துல என்னைய எதுக்கு ஒக்கார வைக்கிறீங்க? எனக்கு எடம் இல்லைன்னு நெனச்சீங்களா?”

அவர் வந்து உட்கார்ந்ததும்தான் கைதட்டல் எழுந்தது. யோகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு அதோடு முடிந்திருந்தால் போதும் என்று இருந்தது. முடியவில்லை. திட்ட அதிகாரி அவ்வளவையும் போனில் பதிவு செய்திருந்தார். முகமெல்லாம் பூரிப்பாக எங்களிடம் வந்தார். “பவர்ஃபுல் மேடம். ரொம்ப நேச்சுரல். இதையும் யூஸ் பண்ணிக்கலாம்.” கையில் ஒரு புதுப் படிவம் வைத்திருந்தார்.

மனிதருக்கு வெட்கம் என்று ஒன்று கிடையாதா? எனக்குக் கை பரபரத்தது.

பூங்காவனம் படிவத்தை வாங்கி மகளிடம் கொடுத்தார். “படி.” யோகா ஆறு பக்கத்தையும் நின்றபடி படித்துத் தமிழில் சொன்னாள். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். நான்காம் பக்கத்தில் நிறுத்தி, “இந்த மாதிரி ஒண்ணுல நாங்க கையெழுத்தே போடலியே சார்” என்றாள்.

“போட்டிருக்கீங்களே” என்று அவர் பையிலிருந்த கோப்பைப் பிரித்துக் காட்டினார்.

பூங்காவனம் குனிந்து பார்த்தார். “பேரு என் பேரு. எழுத்து என் எழுத்து இல்ல.”

கல்வித்துறையிலிருந்து வந்தவர் பக்கத்தில்தான் நின்றார். ஆசிரியர் பயிற்சிக்கு வருடா வருடம் அனுமதி தருகிறவர். நிர்மல்தா என் முழங்கையைத் தொட்டார். “தீதி, பாத் மே. அப்புறம் பேசிக்கலாம்.” அவர் சொன்னதில் தப்பில்லை. நான் வாய் திறந்தால் இருபது பள்ளிகளில் வேலை நின்றுபோகும். வாய் திறக்காவிட்டால் அந்தப் படிவம் செல்லும், படமும் அப்படியே இருக்கும்.

 யோகா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. என் கையெழுத்தைக் கரும்பலகையில் பார்த்தவள் அல்லவா?

“நான் போட்டது” என்றேன். “அவங்களைக் கேட்காம நான் போட்டேன். அந்தப் படிவம் செல்லாது.”

பூங்காவனம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “ஏன் டீச்சர்?” என்றார்.

“கப்பல் கிளம்பிடுச்சு.”

“கப்பலு போனா இன்னொரு கப்பலு வரும் டீச்சர்.”

அவ்வளவுதான் சொன்னார்.

அச்சுக்கு அனுப்புமுன்

இரண்டு வருடம் கல்வித்துறை எங்களைப் பள்ளிகளுக்குள் விடவில்லை. விடாதது சரிதான். அதில் எனக்குக் குறை இல்லை. அந்த அமைப்போடு மாதக்கணக்கில் கடிதப் போர் நடத்தி, படத்தை வலைத்தளத்திலிருந்து எடுக்க வைத்தோம். அவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ நீக்கியதாக எழுதினார்கள். அந்தச் சொல்லைப் படித்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

இப்போது எங்கள் படிவம் ஒரே பக்கம். வீட்டில் பேசும் மொழியில், வீட்டாருக்கு முன்னால் படித்துக் காட்டுகிறோம். அதற்குள் கப்பல் போனால் போகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம். ஒருமுறை பதினோரு நாள் உட்கார்ந்திருந்தோம்.

இந்த அத்தியாயத்தையும் எழுதி முடித்ததும் கட்சாலுக்குப் போன் போட்டேன். சிக்னல் மூன்று தடவை அறுந்தது. நான்காவது தடவை பூங்காவனத்துக்கு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காட்டினேன்.  அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

“எல்லாம் சரி டீச்சர். ஒரு எடம் மட்டும் தப்பு.”

“எது?”

“அந்த ஹால்ல நான் எந்திரிச்சப்ப கண் கலங்கி அழுதேன்னு எழுதிருக்கீங்க.”

உண்மைதான். அப்படித்தான் எழுதியிருந்தேன். நான்கு வரி எழுதியிருந்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்டு.

“நான் அழுவல டீச்சர். எனக்குக் கோவம் வந்துச்சு. அழுதேன்னு எழுதிட்டா படிக்கிறவங்களுக்கு லேசாப் போயிரும். ஐயோ பாவம்னு சொல்லிட்டு அடுத்த பக்கம் பொரட்டிருவாங்க. கோவம்னு எழுதுங்க.”

அந்த நான்கு வரிகளையும் அடித்துவிட்டு, அவர் சொன்னதை எழுதி, மறுபடியும் படித்துக் காட்டினேன்.

“ம். இப்ப அனுப்புங்க” என்றார்.